தீர்ப்பைத் திருத்தும் உரிமை பெற்றிருந்த எதிர்மனுதாரர்

ஆந்திர அரசு ஊழியர்களின் மேல்முறையீட்டுப் பாதை

புதுதில்லி: சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு முனையில் உள்ள குப்பத்துக்கு ஒருபுறம் தமிழ்நாடு, மறுபுறம் கர்நாடகம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் ஊர் இது. சந்திரபாபு நாயுடு 1989 முதல் தொடர்ந்து வென்றுவரும் தொகுதி என்பதால் அரசியலிலும், 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகத்தால் கல்வி உலகிலும் அறியப்பட்ட ஊர். இங்கே பணியாற்றும் மாநில அரசு ஊழியர் ஒருவர், நியமனத்திலோ பதவி உயர்விலோ தமக்குப் பாகுபாடு இழைக்கப்பட்டதாகக் கருதினால் யாரிடம் முறையிடுவது? இந்தக் கேள்விக்கு விடை தேடி ஆந்திர ஊழியர்கள் உச்சநீதிமன்றப் படிகளில் பலமுறை ஏறியிருக்கிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றின் பேரில் அரசுப் பணியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆந்திரத்தில் தீப்பற்றியது இந்தப் பட்டியலின் கடைசிச் சொல்லில்தான்.

தெலங்கானாவுக்கு ஒதுக்கப்பட்ட பணியிடங்களில் 1956 நவம்பருக்குப் பின் நியமிக்கப்பட்ட வெளிப்பகுதியினரை விடுவிக்குமாறு மாநில அரசு 1969 ஜனவரியில் ஆணையிட்டது. ஒரே மாநிலத்துக்குள் தங்களை அந்நியராக்கும் ஆணை என்று ஊழியர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். வசிப்பிட நிபந்தனையை முழு மாநிலத்துக்கும் விதிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; மாநிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் விதிக்க அதிகாரமில்லை என்று அதே ஆண்டு மார்ச்சில் நீதிமன்றம் கூறியது. ஆனால் 1972 அக்டோபரில், நிஜாம் காலத்து முல்கி விதிகள் செல்லும் என்று மற்றொரு தீர்ப்பு வந்தது. ஜெய் ஆந்திரா கிளர்ச்சி வெடித்தது; பி.வி.நரசிம்ம ராவ் முதல்வர் பதவியிலிருந்து விலகினார்; 1973 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அந்த ஆண்டின் ஆறு அம்சத் திட்டமும் 32ஆவது திருத்தமும் 371டி பிரிவைக் கொண்டுவந்தன.

தோற்றவரே மாற்றலாம்

அந்தப் பிரிவின்படி மாநில அரசு ஊழியர் வழக்குகள் உயர்நீதிமன்றத்திடமிருந்து எடுக்கப்பட்டு, 1976இல் ஐதராபாத்தில் அமைந்த நிர்வாகத் தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கப்பட்டன. நோக்கம் நல்லதுதான்: விரைவான தீர்ப்பு, குறைந்த செலவு. ஆனால் அதே பிரிவின் ஐந்தாவது உட்பிரிவில் ஒரு விசித்திரம் பதுங்கியிருந்தது. தீர்ப்பாயத்தின் இறுதி ஆணையை மாநில அரசு உறுதி செய்த பிறகோ, மூன்று மாதம் கழிந்த பிறகோதான் அது நடைமுறைக்கு வரும். அதற்குள், காரணங்களை எழுதி வைத்துவிட்டு, அரசு அந்த ஆணையைத் திருத்தலாம். அடியோடு ரத்தும் செய்யலாம்.

ஊழியர் வழக்கில் எதிர்மனுதாரர் எப்போதும் அரசுதான். தோற்றவரிடமே தீர்ப்பை நீட்டி, ‘பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இப்படியொரு வாசகம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கடந்து அரசியல் சட்டத்தில் ஏறியது எப்படி என்பது இன்றும் வியப்புக்குரியதே.

பி.சாம்பமூர்த்தி என்பவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1986 டிசம்பர் 20 அன்று, தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அரசியல் சாசன அமர்வு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வழக்கின் ஒரு தரப்பான அரசு, தனக்கு எதிரான தீர்ப்பைத் தானே நீக்கிக்கொள்ள முடியுமானால் சட்டத்தின் ஆட்சி என்பதற்கே பொருளில்லை. அது அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் தகர்ப்பதாகும் என்ற அடிப்படையில் அந்த உட்பிரிவு செல்லாததாக்கப்பட்டது. சாதாரணச் சட்டம் ஒன்றல்ல, அரசியல் சட்டத் திருத்தமே இங்கு வீழ்த்தப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இருந்தும் சிக்கல் தீரவில்லை. தீர்ப்பாயத்தில் தோற்ற ஊழியருக்கு அடுத்த படி தில்லிதான்; இடையில் உயர்நீதிமன்றம் கிடையாது. குப்பத்திலிருந்து ஒரு எழுத்தர் உச்சநீதிமன்ற வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்து வழக்காடுவது நடக்கிற காரியமா? 1993இல் சகினாலா ஹரிநாத் வழக்கில் ஆந்திர உயர்நீதிமன்ற முழு அமர்வு, உயர்நீதிமன்றத்தின் அதிகாரத்தை விலக்கியது செல்லாது என்றது. அது உச்சநீதிமன்றம் வந்து, எல்.சந்திரகுமார் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. 1997 மார்ச் 18 அன்று, தலைமை நீதிபதி ஏ.எம்.அகமதி தலைமையிலான ஏழு நீதிபதிகள் அமர்வு நாடு முழுமைக்கும் விதி வகுத்தது: ஊழியர் முதலில் தீர்ப்பாயம் செல்ல வேண்டும், அதன் முடிவை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பரிசீலிக்கலாம். இன்று சென்னையிலோ பெங்களூருவிலோ மத்திய நிர்வாகத் தீர்ப்பாய ஆணையை எதிர்த்து ஓர் ஊழியர் உயர்நீதிமன்றம் போகிறார் என்றால், அந்த வழியைத் திறந்ததில் ஆந்திர ஊழியர்களுக்கும் பங்குண்டு.

அந்தத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. மாநிலப் பிரிவினைக்குப் பின் தெலங்கானா அதிலிருந்து விலகியது. 2020இல் ஆந்திரத்துக்கும் அது கலைக்கப்பட்டது. குப்பம் ஊழியர் இனி நேராக அமராவதி உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய வேண்டும். தனி நீதிபதி மறுத்தால் அங்கேயே இரு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீடு. கேட்க எளிதாகத் தோன்றலாம். ஆனால் ரிட் வழக்கு பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களின் மீதே நடப்பது. கோப்பில் யார் என்ன குறிப்பு எழுதினார், இளையவர் எப்படி முந்தினார் என்று துருவ வேண்டிய பணிமூப்பு வழக்குகளுக்கு, அதற்கென்றே அமர்ந்த ஒரு மன்றம் போனது இழப்புதான்.

எல்லையோரத்தின் கணக்கு

குப்பத்துக்கு உரிய தனிச் சிக்கல் வேறொன்று. 371டியின் கீழ் 1975இல் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை, கீழ்நிலை மாவட்டப் பணியிடங்களின் நேரடி நியமனத்தில் 80 விழுக்காட்டை உள்ளூர் விண்ணப்பதாரர்களுக்கு ஒதுக்கியது. தகுதித் தேர்வு எழுதிய ஆண்டோடு முடியும் நான்கு கல்வியாண்டுகளை அந்தப் பகுதியிலேயே படித்தவர் ‘உள்ளூர்’ எனப்பட்டார். மாவட்டத்தின் நடுப்பகுதிக்கு இது நியாயமான கணக்கு. ஆனால் கிருஷ்ணகிரியோ கோலார் தங்கவயலோ பக்கம் என்று அங்கே அனுப்பிப் படிக்கவைக்கப்பட்ட பிள்ளை, பிறந்து வளர்ந்த ஊரிலேயே வெளியாளாக நிற்க நேரிடும். தமிழ்வழிக் கல்வி தேடி எல்லை தாண்டினாலும் அதே நிலைதான்.

16ஆவது பிரிவின் பட்டியலில் மொழி இடம்பெறவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாநில ஆட்சிமொழி அறிவை வேலையில் சேர முன்நிபந்தனையாக்கக் கூடாது, தகுதிகாண் பருவம் முடிவதற்குள் தேர்ச்சி பெற்றால் போதும் என்று 1961ஆம் ஆண்டு முதலமைச்சர்கள் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அது சட்டமல்ல, உடன்பாடு. மீறப்பட்டால் 350பி பிரிவின் கீழ் நியமிக்கப்படும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையரிடம் புகார் செய்யலாம். அவர் விசாரித்துக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அளிப்பார். அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். நியமன ஆணை வழங்குமாறு எந்த மாநில அரசுக்கும் உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.