ஏசி வாங்கும் முன் மொட்டை மாடிக்குப் போங்கள்

கோவளத்தில் மேல்மாடியில் குடியிருப்பவர்கள் கோடை பிறந்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஒன்றரை டன் போதுமா, ரெண்டு டன் போடணுமா?" உட்காருங்கள், டீ வரட்டும். நிதானமாகப் பார்ப்போம்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஒரு டன் ஐஸை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான சூட்டை அதே நேரத்தில் வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி. ஐஸ் வியாபாரக் காலத்துக் கணக்கு இது. மெரினா எதிரே நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842-ல் அமெரிக்கர் ஃபிரெடரிக் டூடர் கட்டியது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ், மரத்தூள் பொதிந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்தது. டூடரிடம் குளிரூட்டும் இயந்திரம் கிடையாது. சூட்டை உள்ளே விடாமல் தடுத்தே வியாபாரம் செய்தார்.

நம் வீட்டில் சூடு தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து, ராத்திரியில் கீழே விடும். கத்திரி வெயில் நாளில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கதகதவென்று இருந்தால், எந்த ஏசி வாங்கினாலும் அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டியே அது களைத்துப்போகும்.

முன்பு தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று அங்குலத்துக்குப் போட்டு, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். ஒழுகாமல் இருக்கத்தான் என்பார் கொத்தனார். சூட்டையும் அது நன்றாகவே தடுத்தது. இப்போது நேரமில்லை என்று வெறும் சிமென்ட் பூச்சோடு பலர் முடித்துவிடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கட்டி முடித்த வீடென்றால், கசிவை அடைத்துவிட்டு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடியுங்கள். புதுப் பூச்சு வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவ வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கொடுங்கள்.

இனி டன். தளத்தின் சூடு தணிந்த வீட்டில் 120 சதுர அடிப் படுக்கையறைக்கு ஒரு டன் பெரும்பாலும் போதும். பெரிதாகப் போட்டால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் வடிய நேரம் இருக்காது. கடலோரத்தில் நம்மை வாட்டுவது அந்தப் புழுக்கம்தானே! வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் இன்வர்ட்டர் வகை இங்கே ஏற்றது. ஸ்டிக்கரில் நட்சத்திரத்தோடு, மின் சிக்கனத்தைச் சொல்லும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் ஆண்டையும் பாருங்கள். நட்சத்திரத்துக்கான வரம்பை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு ஐந்தாக இருக்காது.

வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்து மாட்டாதீர்கள். உப்புக் காற்றில் அலுமினியத் தகடுகள் வெளுத்து, விரல் பட்டாலே உதிரும். அள்ளிய சூட்டைக் கொட்டும் இடம் அதுதான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை எடுக்க வேண்டாம்.