லைக் குவிகிறது, ஆர்டர் ஏன் வரவில்லை?

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரங்களே இருக்கின்றன. பலகாரத்துக்கும் புடவைக்கும் முன்பணம் வாங்கி ஆர்டர் எழுதிக்கொள்ளும் காலமோ அதற்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடும். இந்த நெருக்கடியில், சிறு தொழில் நடத்தும் வாசகர்களிடமிருந்து வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லுகின்றன: இன்ஸ்டாகிராமில் படம் போட்டோம், பணம் கட்டி 'பூஸ்ட்' செய்தோம், ஆயிரக்கணக்கானோரை எட்டியதாகக் கணக்குக் காட்டுகிறது, லைக்கும் குவிந்தது, ஆனால் வாங்க வந்தவர் ஒருவருமில்லை. "பார்த்தவர்களெல்லாம் எங்கே போனார்கள்?" என்று மணப்பாறையில் முறுக்குச் சுட்டு விற்கும் ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பக்கம் தொடங்குவதையும் படம் ஏற்றுவதையும் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாதலால், நேரே விஷயத்துக்கு வருவோம். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் (முன்பு பேஸ்புக் என்ற பெயரில் இருந்தது) 'ரீச்' என்று காட்டுவது, விளம்பரம் ஒரு தடவையேனும் திரையில் தோன்றிய கணக்குகளின் தொகை; அவர்கள் நின்று படித்தார்களா, கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனார்களா என்ற விசாரணை அதில் கிடையாது. இந்த நிறுவனம் தரும் எண்களை அப்படியே வேதவாக்காகக் கொள்வதற்கில்லை என்பதற்குப் பூர்வ சரித்திரமும் உண்டு. மக்கள் விடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டிவிட்டதாக 2016-இல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைச் சராசரியில் சேர்க்காமல் விட்டதே காரணம். மறு ஆண்டு, அமெரிக்காவில் 18 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் 4.1 கோடிப் பேரை எட்டலாம் என்று அது விளம்பரதாரருக்குக் காட்டியபோது, அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவ்வயதினர் 3.1 கோடிப் பேரே இருந்தார்கள் என்பதை ஒரு பங்குச் சந்தை ஆய்வாளர் அம்பலப்படுத்தினார்.

ஆயினும் அம்மையாரின் பணம் போன வழியை அறிய, எண்ணிக்கையைக் காட்டிலும் ஏலத்தையே கவனிக்க வேண்டும். ஒருவர் திரையை நகர்த்திக்கொண்டே போகையில் விளம்பரத்துக்குரிய இடம் வரும் ஒவ்வொரு தடவையும், அவர் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. இதில் அதிகப் பணம் சொன்னவருக்கே இடம் என்ற நியதியில்லை. விளம்பரதாரர் கொடுக்க முன்வரும் தொகையை, அவர் விரும்பும் காரியத்தை அந்தக் குறிப்பிட்ட மனிதர் செய்வதற்கு எவ்வளவு சாத்தியம் என்று யந்திரம் போடும் மதிப்பீட்டால் பெருக்கி, விளம்பரத்தின் தரத்துக்காக ஒரு மதிப்பையும் கூட்டினால் யாருடையது மிஞ்சுகிறதோ, அவருடைய விளம்பரம் தோன்றும். இது மெட்டாவே வெளியிட்டுள்ள சூத்திரம். உரியவருக்கு உரிய பொருளைக் காட்டும் சிறு வியாபாரி, பெரிய கடைக்காரரைக் குறைந்த பணத்தில் ஜயிக்க இது இடமளிக்கிறது என்பதையும், ஏற்பாடு மிகச் சாமர்த்தியமானது என்பதையும் மறுக்க முடியாது.

ஆபத்து இருப்பது 'அவர் விரும்பும் காரியம்' என்ற இடத்தில். பூஸ்ட் செய்கையில் எது இலக்கு என்று ஒரு கேள்வி வருகிறது. பெரும்பாலோர் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். லைக், பார்வை முதலியவற்றை இலக்காக விட்டுவிட்டால், எதைக் கண்டாலும் லைக் போட்டுவிட்டு எதையும் வாங்காமல் போகும் சுபாவமுள்ளவர்களை யந்திரம் தேடிப் பிடிக்கிறது. வாங்கும் பழக்கமுள்ளவர்களுக்காகப் பெரிய நிறுவனங்களெல்லாம் போட்டியிடுவதால் அவர்கள் விலை அதிகம், மற்றவர்கள் மலிவு. சொற்பத் தொகைக்கு ஆயிரக்கணக்கானோர் கிடைத்த ரகசியம் இதுதான். யந்திரம் தவறு செய்யவில்லை, கேட்டதைக் கொடுத்தது.

அப்படியானால் விற்பனையையே இலக்காக வைத்தாலென்ன என்று தோன்றும். அங்கேதான் என் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயம் இருக்கிறது. யார் வாங்குவார்கள் என்று யந்திரம் கற்றுக்கொள்வதற்கு ஏழு நாட்களில் சுமார் 50 விற்பனைகள் வேண்டும் என்பது மெட்டாவின் கணக்கு. அதுவரை 'கற்கும் கட்டம்', அதாவது செலவு நிலையாக இராது. ஓர் ஆர்டருக்கு 120 ரூபாய் விளம்பரச் செலவு என்று வைத்துக்கொண்டால், ஐம்பதுக்கு 6,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 7,080 ரூபாய், ஒரே வாரத்தில். நாளொன்றுக்கு 200 ரூபாய் ஒதுக்குகிறவருக்கு வாரத்தில் பதினோரு ஆர்டர் தேறினாலே அதிகம்; ஆகவே அவருடைய விளம்பரம் கற்று முடிப்பதே இல்லை. பலன் தெரியாத தவிப்பில் மூன்றாம் நாள் தொகையையோ படத்தையோ பெரிதாக மாற்றினாலோ, கல்வி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. சிறு வியாபாரிகளின் தோழன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம், 2023-இல் ஏறத்தாழ 13,500 கோடி டாலர் வருவாயில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரத்திலிருந்தே ஈட்டிய நிறுவனம், இந்த விவரத்தைப் பூஸ்ட் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பரிகாரம் உண்டு. வாட்ஸ்அப்பில் செய்தி வருவதை இலக்காக வையுங்கள். விற்பனையைவிட அது மலிவாகவும் அதிகமாகவும் கிடைப்பதால் யந்திரம் விரைவில் கற்கும். பணத்தை மூன்று விளம்பரங்களுக்குப் பங்கிடாமல் ஒன்றிலேயே போட்டு, நீங்கள் பொருள் அனுப்பக்கூடிய ஊர்களை மட்டும் குறித்து, ஒரு வாரம் கை வைக்காமல் இருங்கள். பண்டிகை நெருங்க நெருங்கப் பெரிய ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் அதே ஏலத்தில் இறங்குவதால், இப்போதே தொடங்குவது லாபம்.

அம்மையார் தாம் போட்ட படத்தையும் அனுப்பியிருந்தார். குத்துவிளக்கு, பூக்கோலம், 'தீபாவளி ஆர்டர்கள் வரவேற்கப்படுகின்றன', கீழே 'விலைக்கு மெசேஜ் செய்யவும்'. கிலோ என்ன விலை, கூரியர் உண்டா, கடைசித் தேதி எது என்று ஒன்றும் அதில் இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கின் விசேஷமே அதை இருமுறை பொரித்தெடுப்பது. அரை வேக்காட்டில் எடுத்து ஆறவைத்த முறுக்கு மறுபடியும் எண்ணெயில் விழும் அந்தக் காட்சியை, சட்டியின் சத்தத்தோடு இருபது விநாடி படமெடுத்து, அதன் மேலேயே விலையையும் தேதியையும் எழுதினால், குத்துவிளக்குப் படத்தைவிட அது எவ்வளவோ மேலான விளம்பரமாகும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஃபாலோயர்களை விலைக்கு வாங்கலாமா? கூடாது, அவர்கள் ஒரு முறுக்கும் வாங்கமாட்டார்கள்.

ரீல்ஸில் சினிமாப் பாட்டு? வியாபாரத்துக்கு உரிமையில்லை, மெட்டா தரும் இலவச இசைத் தொகுப்பைப் பயன்படுத்துங்கள்.

பிரபலமானவருக்குப் பணம் கொடுத்துப் பேசச் செய்யலாமா? செய்யலாம், விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பட்டாசை இணையத்தில் விற்கலாமா? மின்வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்துள்ளது.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது அவசியமா? கட்டணமில்லை, இன்றே செய்யுங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி பலருக்குப் போய்ச் சேரவில்லையே? உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவர்களுக்கே அது போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். ஆனாலும் அந்த எண்கள் உங்கள் கையில் இருப்பவை. 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் தடை செய்யப்பட்டபோது அதில் வாடிக்கையாளர் திரட்டியிருந்தவர்கள் ஒரே நாளில் அத்தனை பேரையும் இழந்தார்கள்; உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் எண்களை யாரும் அப்படிப் பறிக்க முடியாது. ஆகவே, சென்ற தீபாவளிக்கு வாங்கியவர்களின் எண்களை இந்த வாரமே எடுத்து, ஒவ்வொருவரையும் அழைத்து, உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லி ஆர்டர் கேளுங்கள். பூஸ்டுக்குப் பணம் கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.