கதண்டு கொட்டி மூச்சு திணறுதா? சுண்ணாம்பு தடவி நேரத்தை வீணாக்காதீங்க!

தஞ்சாவூர்,

காவிரி டெல்டா கிராமங்களில் கதண்டு என்றாலே ஜனங்களுக்கு குலை நடுங்கும். பனை, தென்னை மரங்களில் பானை மாதிரி கூடு கட்டி இருக்கும். தேங்காய் பறிப்பவர்கள், புதர் வெட்டுபவர்கள், மாடு மேய்ப்பவர்கள் என பலரும் கடிபடுகிறார்கள். உயிர்ப்பலியும் நடக்கிறது.

ஒரு கொட்டு போதும்

கூட்டமாக விரட்டி கொட்டினால் விஷம் ஏறி கிட்னி பாதிக்கும். ஆனால் அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒரே ஒரு கொட்டே எமனாகி விடும். ரத்த குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் மளமளவென சரியும். மூச்சுக்குழாய் சுருங்கும். இதற்கு டாக்டர்கள் வைத்துள்ள பெயர் 'அனாபிலாக்சிஸ்'. தேனீ, குளவி கொட்டினாலும் இது வரலாம்.

பிரிட்டனில் இப்படி இறந்தவர்கள் பற்றி 2000-ம் ஆண்டு ஒரு ஆய்வு வெளியானது. பூச்சி கொட்டியவர்களில் பாதி பேருக்கு சுமார் 15 நிமிடத்துக்குள் மூச்சோ, இதயமோ நின்று போனது அதில் தெரியவந்தது.

அறிகுறிகள் என்ன?

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயம் இல்லை. உடம்பு முழுக்க தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முதல், இழுப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உஷார்! சிலருக்கு தடிப்பே இல்லாமல் நேராக மயக்கம் வரும்.

எந்த ஊசி?

உயிர் காக்கும் முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்க சதையில் போட வேண்டும். பெரியவர்களுக்கு அரை மில்லி. 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடுவார்கள். "அவில் ஊசி போட்டாச்சு, சரியாயிடும்" என்று வீட்டுக்கு போய்விடக்கூடாது. அவில் அரிப்பை குறைக்கும். விழுந்த ரத்த அழுத்தத்தை தூக்காது, அடைத்த மூச்சை திறக்காது.

பைக்கில் ஏற்றாதீங்க

உடனே 108-க்கு போன் போடுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் தேடி ஓட வேண்டாம். ஆளை படுக்க வைத்து காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்து படுக்க வையுங்கள்.

எழுந்து நிற்கவோ, நடக்கவோ விடக்கூடாது. திடீரென நிமிர்ந்தால் இதயத்துக்கு ரத்தம் போகாமல் உயிர் போகலாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்து கொண்டு போவதும் இதனால்தான் ஆபத்து. ஆம்புலன்ஸ் லேட்டானால் கார், வேனில் படுக்க வைத்து கொண்டு போங்கள்.

தேறிய பிறகும் சில மணி நேரம் கழித்து திரும்ப வரலாம். டாக்டர் சொல்லும் வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே, "கதண்டு கொட்டிச்சு, மூச்சு திணறுது" என்று சத்தமாக சொல்லுங்கள். ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க இது நேரம் இல்லை.