குடிக்காதவருக்கும் ஈரல் சுருங்குமா?

“வாப்பா ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்லை. பின்னே எப்படி ஈரல் சுருங்கிச்சு?” நம் குடும்பங்களில் எழும் கேள்வி இது. ஊரார் தவறாக நினைப்பார்களோ என்று நோயை மறைப்பவர்களும் உண்டு. மறைக்கத் தேவையில்லை. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும், சர்க்கரை நோய், உடல் பருமனோடு சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலும் மது இல்லாமலேயே ஈரலைக் கெடுக்கும்.

ஈரல் வெட்டினாலும் வளரும் உறுப்பு. 1998 நவம்பரில், டெல்லி அப்போலோ மருத்துவமனையில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று மருத்துவர். இப்படிக் கொடுப்பவரின் உடலில் மீதியுள்ள ஈரல் செல்கள் பெருகி, சில மாதங்களில் ஏறத்தாழப் பழைய அளவை எட்டிவிடும்.

அப்படியானால் நாள்பட்ட நோயில் ஏன் ஈரல் சரியாவதில்லை?

நம் ஊர் ரப்பர் மரத்தைப் பாருங்கள். அளவாகப் பால் வெட்டினால் பட்டை சீராக வளரும். கத்தி ஆழமாகப் பட்டு மரம் காயப்பட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். ஈரலிலும் அப்படித்தான். காயம் ஓயாமல் தொடரும்போது, விட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்திருக்கும் சில செல்கள் உருமாறி நார்த் தழும்பை உண்டாக்குகின்றன. நல்ல செல்கள் பெருகத்தான் செய்கின்றன. ஆனால் தழும்புக்கு நடுவே முடிச்சு முடிச்சாகத் திரள்கின்றன. இரத்த ஓட்டம் தடைபட்டு, வயிற்றில் நீர் கோக்கும். இரத்த வாந்தியும் வரலாம். இதுவே சிரோசிஸ். செல்கள் ஓயாமல் பெருகுவதால் புற்றுநோய் அபாயமும் கூடும்.

கீழாநெல்லி போதாதா என்று கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி-க்கு அது பயன் தருவதாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பின்னர் நடந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

காயத்துக்கான காரணத்தை நிறுத்தினால், தொடக்க நிலைத் தழும்பு கரையக்கூடும். எனவே:

• சர்க்கரை நோயாளிகளும் உடல் பருமன் உள்ளவர்களும் ஈரல் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

• கொழுப்புக் கல்லீரல் இருந்தால், உடல் எடையில் 100-க்கு 7 முதல் 10 பங்கு வரை குறைப்பது நல்ல பலன் தரும்.

• வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால், அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடுங்கள்.

• ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 3 மாத மாத்திரையில் குணமாகும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை உண்டு.

ஈரல் வலித்துச் சொல்லாது. நாம்தான் முந்திப் போய்ப் பார்க்க வேண்டும்.