பழி பேட்டரி மேல்

ஜூன் 14 நள்ளிரவோடு தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. காசிமேட்டிலிருந்து ராமேஸ்வரம் வரை ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு நிற்கும் விசைப்படகுகளில் சில, அந்த நேரம் பார்த்துத்தான் முரண்டு பிடிக்கும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். செல்ஃப் மோட்டார் சுற்றாது. "பேட்டரி போச்சு!"

பாதி உண்மைதான். 2017-ல் 45 நாளிலிருந்து 61 நாளாக நீண்ட தடைக்காலத்துக்குள் கத்திரி வெயில் முழுதாக வந்துவிடுகிறது. சும்மா கிடந்தாலும் ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பழைய திறன் திரும்பாது. வயரைக் கழற்றிவைத்து, அவ்வப்போது கரையில் சார்ஜ் ஏற்றியிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆனால், தினமும் கடலுக்குப் போய்வரும் படகிலும் பேட்டரி இறங்கினால்? புதியதை வாங்கிப் போடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுப்பது நல்லது. இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, 12 வோல்ட் பேட்டரியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. இன்ஜின் ஓடும்போது அதே டெர்மினல்களில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 24 வோல்ட் படகென்றால் எல்லாம் இரு மடங்கு. அளவு ஏறவே இல்லையென்றால், துறைமுகத்தில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரின் பக்கம் திரும்ப வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பெல்ட். தளர்ந்து வழுக்கினால் கிறீச்சிடும், சுற்றிலும் கறுப்புத் தூள் படியும். இன்னொன்றைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை: டாஷ்போர்டில் உள்ள சார்ஜ் எச்சரிக்கை பல்பு. பல ஆல்டர்னேட்டர்களில் ரோட்டருக்குத் தொடக்கத்தில் மின்சாரம் போவது அந்த பல்பு வழியாகத்தான். சில்லறைக் காசு பல்பு ஒன்று ஃப்யூஸ் ஆனால், பழுதே இல்லாத ஆல்டர்னேட்டரும் சார்ஜ் கொடுக்காமல் போகலாம்.

இரண்டும் சரியா? அப்படியென்றால் சந்தேகம் வயர் மேல். இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் அவுட்புட் போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால், வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பது நேராகத் தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. உப்புக்காற்று செம்புக் கம்பிக்குள் புகுந்து பச்சைப் பொடியாக அரித்திருக்கும். மேலே ரப்பர் உறை புதுசு போலவே பளபளக்கும். நெகட்டிவ் பக்கத்தையும் இதே போல அளக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கில் துருவேறிய ஓர் எர்த் போல்ட் போதும், சார்ஜ் பாதியில் நின்றுவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினால் வேலை முடிந்தது.

டயோடு போன ஆல்டர்னேட்டர் கொஞ்சம் ஏமாற்றும். சார்ஜ் வருவது போலவே தெரியும், ஆனால் போதாது. வயர்லெஸ்ஸில் இரைச்சலும் கேட்கலாம். டயோடை எரிக்கும் சுலபமான வழி ஒன்றும் உண்டு: ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றுவது. சுமை சட்டென்று விலக, வோல்டேஜ் தாறுமாறாக எகிறி ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துப் பொசுக்கிவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் விடிகாலையில் இன்ஜின் கிளம்பாத படகுகளில் கணக்குத்தான் இடிக்கிறது. நங்கூரமிட்டு இரவெல்லாம் விளக்கு, வயர்லெஸ், எக்கோ சவுண்டர் என்று எடுக்கும் மின்சாரத்தை, மெதுவாக ஐடிலில் ஓடும் இன்ஜினால் ஈடுகட்ட முடியாது. ஸ்டார்ட் செய்ய மட்டும் ஒரு பேட்டரியை ஒதுக்கி, மற்றதெல்லாவற்றையும் இன்னொன்றில் மாட்டி, நடுவில் ஒரு மாற்று சுவிட்சும் வைத்துவிட்டால், விளக்கு அணைந்தாலும் இன்ஜின் கிளம்பும்.