பழைய சரக்குந்துகளில் புவியிணைப்புப் பழுது

புவியிணைப்புப் பழுது என்பது, ஊர்தியின் பாட்டரிக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையிலான இணைப்பில் மின்தடை கூடுவதால் ஏற்படும் குறைபாடு ஆகும். பழைய சரக்குந்துகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. இதன் அறிகுறிகள் வலுவிழந்த பாட்டரியின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், நல்ல பாட்டரிகள் வீணாக மாற்றப்படுவதுண்டு.

அமைப்பு

ஊர்திகளில் பெரும்பாலான மின்கருவிகளுக்கு ஒரு கம்பியே செல்கிறது. மின்னோட்டம் அடிச்சட்டத்தின் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. பணிமனைகளில் இவ்விணைப்பு 'எர்த்' எனப்பட்டாலும், நிலத்துடன் இதற்குத் தொடர்பில்லை. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மீது அமர்ந்திருப்பதால், அதனை அடிச்சட்டத்துடன் இணைக்கத் தனியே தடித்த கம்பியோ பின்னிய செப்புப் பட்டையோ தேவைப்படுகிறது. துரு, வண்ணப்பூச்சு, தளர்ந்த திருகு ஆகியன இவ்விணைப்பைக் கெடுக்கின்றன.

எல்லா ஊர்திகளிலும் எதிர்முனையே உடலுடன் இணைக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் ஃபோர்டு எஃப் வரிசைச் சரக்குந்துகளில் 1955 மாதிரி வரை நேர்முனையே 6 வோல்ட் அமைப்பில் இவ்வாறு இணைக்கப்பட்டது. 1956 மாதிரியில் இது 12 வோல்ட், எதிர்முனை இணைப்பாக மாறியது.

சிறு தடையின் விளைவு

ஓமின் விதிப்படி, 0.01 ஓம் தடையின் வழியாக 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் இழக்கப்படுகிறது. அரை ஆம்பியர் பாயும் சிறு விளக்கில் இழப்பு 0.005 வோல்ட் மட்டுமே. எனவே விளக்கு நன்கு எரிந்தாலும், எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் திணறக்கூடும். சாதாரண மல்டிமீட்டரால் இத்தகைய சிறு தடையைச் சரியாக அளக்க இயலாது. ஆகவே மின்னோட்டம் பாயும்போது ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியே அளக்கப்படுகிறது.

சோதனை முறை

எதிர்முனை இணைப்புள்ள 12 வோல்ட் அமைப்பில் சோதனை பின்வருமாறு அமையும்:

1. சில மணிநேரம் ஓய்விலிருந்த, முழுதும் மின்னேற்றப்பட்ட பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.0 வோல்ட் எனில் முதலில் மின்னேற்ற வேண்டும்.
2. எஞ்சின் இயங்கத் தொடங்காதவாறு எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுழற்ற வேண்டும். அப்போது பாட்டரி முனைகளில் மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியை ஐயுறலாம்.
3. பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்துக்கும் இடையே வோல்ட்மானியை வைத்து மீண்டும் சுழற்ற வேண்டும். அளவு 0.5 வோல்ட்டைத் தாண்டினால் புவியிணைப்பு பழுதானது.
4. வோல்ட்மானியின் ஒரு முனையை எதிர்முனையிலேயே வைத்து, மற்றதைக் கம்பி, கவ்வி, திருகு என ஒவ்வொன்றாக நகர்த்தினால், அளவு திடீரென உயரும் இடம் பழுதான இடமாகும்.

அவ்விடத்தைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்குவதே பெரும்பாலும் போதுமானது. கம்பி உள்ளே அரித்திருந்தால் மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு

மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஐதரசன் வெளியேறுகிறது. அருகில் தீப்பொறி கூடாது. புவியிணைப்புக் கம்பியை முதலில் கழற்றி, இறுதியில் மாட்ட வேண்டும். இவ்வாறு செய்தால், மறுமுனையைக் கழற்றும்போது திருகுச்சாவி உடலில் பட்டாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது.