கோப்பு வரும் வழி

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் மாணவர்க்குத் தமிழ் நூல்கள் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அக்குறையை இணையம் போக்குகிறது. ஆயினும், ஒரு கோப்பு எவ்வழியாக வருகிறது, அதனைப் பெறும் உரிமை உண்டா என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே பதிவிறக்கம் செய்தல் வேண்டும்.

நேரடிப் பதிவிறக்கம்

இது நூலகரிடம் நூல் கேட்டுப் பெறுவதைப் போன்றது. கோப்பு ‘வழங்கி’ என்னும் கணினியில் இருக்கும். கேட்டவர்க்கு அது கோப்பினை அனுப்பும். கேட்டவரின் ஐ.பி. முகவரி அதன் பதிவேட்டில் இடம்பெறக்கூடும். இம்முறையில் போலிப் பொத்தான்கள் பெருந்தொல்லை. கதைநூலைக் கேட்டவர்க்கு ‘.ஏபிகே’ அல்லது ‘.எக்ஸ்இ’ என முடியும் கோப்பு வந்தால் அது நூலன்று, செயலி. அதனைத் திறவாமல் நீக்கிவிட வேண்டும்.

டொரண்ட் முறை

பிராம் கோஹன் என்பவர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இது. இதில் கோப்பு பல துண்டுகளாகப் பலருடைய கணினிகளிலிருந்து வருகிறது. பெறுபவரின் கணினியும் தான் பெற்ற துண்டுகளைப் பிறர்க்கு அனுப்புகிறது. எனவே, பெறுபவர் கொடுப்பவரும் ஆகிறார். அவருடைய ஐ.பி. முகவரி அக்குழுவில் உள்ள முன்பின் அறியாதவர்க்கும் தெரியும்.

இம்முறை தன்னளவில் குற்றமன்று. உபுண்டு இயங்குதளம் இவ்வாறும் முறையாக வழங்கப்படுகிறது. ஆனால் உரிமையற்ற திரைப்படத்தை இவ்வழியில் பெறுபவர், தாம் அறியாமலேயே அதனைப் பரப்புபவராகவும் ஆகிவிடுகிறார்.

சட்டம் கூறுவது

‘பொன்னியின் செல்வன்’ புதினத்தை எழுதிய கல்கி 1954இல் மறைந்தார். அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் அப்புதினத்தை எவரும் இலவசமாகப் பெறலாம். அதே பெயரில் 2022இல் வெளிவந்த திரைப்படத்தின் நிலை வேறு. அதற்குப் பதிப்புரிமை உண்டு. பெயர் ஒன்றே, உரிமை வேறு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பதிப்புரிமையைத் தெரிந்தே மீறுவோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. ஒரு திரைப்படத்தில் ஒளிப்பதிவாளர், தையற்கலைஞர், ஒப்பனையாளர் எனப் பலருடைய உழைப்பு அடங்கியுள்ளது. அவ்வுழைப்புக்குரிய ஊதியத்தைக் காக்கவே இச்சட்டம் உள்ளது.

எனவே, விரலால் பொத்தானை அழுத்துமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: இதன் உரிமை யாருடையது? இதனைத் தருபவர் யார்? பெறுபவரைப் பற்றி யார் யார் அறிகின்றனர்?

சொற்பொருள்

தண்டம் – அபராதம்
நாட்டுடைமை – மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டது
புதினம் – நாவல்

வினாக்கள்

1. டொரண்ட் முறையில் பெறுபவர் கொடுப்பவராகவும் ஆவது எவ்வாறு?
2. ‘பெயர் ஒன்றே, உரிமை வேறு’ – விளக்குக.
3. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் விரும்பும் தமிழ் நூலை முறையாகப் பெறும் வழியை ஐந்து வரிகளில் எழுதுக.